கயிற்றை விட்ட கை

அன்பு மகள் ஹேலிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் இருமலும் தும்மலுமாக ஒருவாறு நலம். நீயாவது அங்கே இருமல் தும்மல் இல்லாமல் நலமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் நம் ஸ்கார்பரோவில் மழை பிடித்துக்கொண்டது, உங்கள் நியூசிலாந்தில் வெயில் ஆரம்பித்திருக்கும், தொப்பி போடாமல் வெளியே போகாதே. அப்பா கூரைக் குழாயில் அடைத்திருந்த இலைகளை அள்ளுகிறேன் என்று ஏணியில் ஏறிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார், வயதாகிவிட்டது என்று மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். முகம் பார்த்துச் சொல்ல முடியாத சங்கதி, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அந்தப் பத்திரிகைப் படத்தை நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பெரிதாக்கி ஒட்டியிருக்கிறாய் என்று போன ஞாயிறு சொன்னாயே, "எங்கம்மான்னு எல்லார்கிட்டயும் காட்டுறேன்மா, அவ்வளவு பெருமையா இருக்கு" என்றாயே, அதிலிருந்து எனக்குச் சாப்பாடே பிடிக்கவில்லை. அப்பா மீன் வறுவல் வாங்கிவந்தும் பாதியைக் கடற்காகத்துக்குப் போட்டேன். தயவுசெய்து அதைக் கழற்றிவிடு. ஏன் என்று சொல்கிறேன், முழுவதும் படி, பாதியில் போனைப் போட்டு அழுகிற அம்மாவைப் பார்க்க வேண்டாம்.

டெரெக்கை உனக்கு மறந்திருக்காது, நீ பள்ளிக்கூடம் போன பஸ்ஸை ஓட்டியவர், பஸ் பாஸை மறந்துவிட்டுப் போன நாளிலும் உன்னை ஏற்றிக்கொண்டவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய்ச் சில வருடங்களாகின்றன. இந்த வருடம் பார்வையற்றோர் சங்கத்தின் பழைய வேன் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வாராவாரம் அந்த வேனில் வந்து கூடி டீ குடித்து, பாட்டுப் பாடி, அடுத்தவரைப் பற்றிப் புறம் பேசிவிட்டுப் போன கிழவர் கிழவிகள் ஆளுக்கொரு வீட்டில் அடைந்து கிடந்தார்கள். புது வேன் வாங்கப் பணம் திரட்டுவதற்காகக் கடற்கரை அரை மாரத்தான் ஓடுகிறேன் என்று டெரெக் கிளம்பினார். ஓடி முடித்தால் தருகிறேன் என்று கசாப்புக்கடைக்காரர் முதல் பாதிரியார் வரை பேர் கொடுத்தார்கள். கூட ஓடி வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்றபோது என்னைக் கேட்டார். பள்ளிக்கூடச் சமையலறையில் இத்தனை வருடம் நின்ற கால், வேறு எதற்கு ஆகாவிட்டாலும் தாங்கும் என்று ஒப்புக்கொண்டேன். வேகமாக ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க என்னை எதற்குக் கேட்டார் தெரியுமா, நான் வாய் மூடமாட்டேன் என்பதற்காக. "வழிகாட்டி பேசிக்கிட்டே இருக்கணும் க்வென். நீ பேசாம இருந்தாதான் எனக்குப் பயம்" என்றார். உன் அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கடைசியில உன் பேச்சைக் கேட்டு வாங்குறதுக்கும் ஒரு ஆள் கெடச்சான்" என்றார்.

இருவருக்கும் நடுவில் ஒரு முழக் கயிறு, இரண்டு நுனியிலும் வளையம், ஒன்று அவர் விரலில், ஒன்று என் விரலில். மேடு, பள்ளம், வலப்பக்கம் திரும்பு, முன்னால் நாய் என்று சொல்லிக்கொண்டே ஓட வேண்டும், அவ்வளவுதான் வேலை. கோடை முழுவதும் ஓடினோம், ஒரு தடவைகூட அவர் கால் இடறவில்லை. எனக்குக் கூடவே கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது என்று இப்போது தெரிகிறது.

ஓட்டத்தன்று எங்கள் பனியனில் பெயரைப் பெரிதாக அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க நிற்கிறவர்கள் பேர் சொல்லிக் கத்துவதற்காக. ஹேலி, என் பேரை இத்தனை பேர் கூப்பிட்டு நான் கேட்டதேயில்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் குழம்பு நீர்த்துப்போச்சு என்று சொல்லத்தான் கூப்பிடுவார்கள். இங்கே யார் எவரென்றே தெரியாதவர்கள் சாலையின் இரண்டு பக்கமும் நின்று, "விடாதே க்வென், உன்னால முடியும் க்வென், நீ தங்கம் க்வென்" என்று கத்துகிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்துக்கு முந்தின தெருவில் ஒரு சின்னப்பெண் தட்டு நிறைய ஜெல்லி மிட்டாயை நீட்டிக்கொண்டு நின்றாள், பக்கத்தில் அவள் அம்மா என்னைப் படம் எடுக்கப் போனை உயர்த்தினாள். நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். எந்தக் கை என்று யோசிக்கவேயில்லை. வளையம் விரலிலிருந்து கழன்றது, கயிற்றை விட்டுவிட்டேன். வாயையும் மூடிவிட்டேன், படத்துக்குச் சிரிக்க வேண்டுமே. நாலடி தள்ளி வேகத்தடை இருந்தது. மிட்டாய் வாயில் இருக்கும்போதே டெரெக் விழுந்த சத்தம் கேட்டது.

தாடை கிழிந்து ரத்தம், வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது, அது அப்போது தெரியாது. நான் பனியனைத் தூக்கி அவர் தாடையைத் துடைத்தேன். பத்திரிகைக்காரர் அந்த நேரம் பார்த்து எடுத்ததுதான் நீ ஒட்டி வைத்திருக்கும் படம். முதலுதவிக்காரர்கள் படுக்கச் சொன்னார்கள், டெரெக் கேட்கவில்லை. "முடிச்சாத்தான் வேன் வரும், கயிறை எடு" என்றார். கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மீதித் தூரம் முழுவதும் என்னோடு வந்தார். எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "என் காலே எனக்குத் தட்டிருச்சு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பேசுவதற்காகவே கூட்டிப்போன வாய், பேச வேண்டிய இரண்டு இடத்திலும் பேசவில்லை.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அவருக்குக் கண்ணாக நின்ற பெண் என்று பத்திரிகையில் தலைப்பு. அந்தப் படத்தைப் பார்த்து எங்கெங்கிருந்தோ பணம் வந்தது, வேனும் வாங்கியாயிற்று. வேனின் கதவில் டெரெக் பேரோடு என் பேரையும் எழுதப்போகிறார்களாம். இதெல்லாம் போதாதென்று அவர் மனைவி ஷீலா, உட்காரக்கூட நேரமில்லாமல் புருஷனுக்குச் சட்டை மாட்டிவிட்டு, ஊட்டிவிட்டு, சவரம் செய்துவிட்டுக் கிடக்கிறவள், எலுமிச்சை கேக் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். "நீ மட்டும் இல்லேன்னா அவரு அந்தத் தெருவுலயே கெடந்திருப்பாரு க்வென்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் கேக்கைச் சாப்பிட்டேன். இன்னொரு துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன், வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பாளே. அன்று ராத்திரி என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் ஷீலா கடைக்குப் போன நேரம் பார்த்து டெரெக்கிடம் போனேன். நான்தான் கயிற்றை விட்டேன் என்று சொல்லப்போகிறேன், சங்கத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லப்போகிறேன் என்றேன். அவர் மாவுக்கட்டுப் போட்ட கையை மேசையில் வைத்துக்கொண்டார். "விட்டது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கயிறு தொங்கினதும் தெரிஞ்சுது, நீ மென்னதும் கேட்டுச்சு" என்றார். அப்படியானால் ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தடுக்கி விழுந்தேன்னா நான் ஓட்டக்காரன். ஓடுறவன் விழத்தான் செய்வான், எழுந்து ஓடுவான். நீ விட்டுட்டேன்னு ஊருக்குத் தெரிஞ்சா நான் யாரு? நடுத்தெருவுல விட்டுட்டுப் போன குருடன். அந்தப் பேரை எனக்கு வாங்கிக் குடுக்காதே. நீ சொன்னா உன் மனசு லேசாகும், என்னோடது என்னாகும்?" நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ, குளிருது" என்றார்.

நியாயம்தானே ஹேலி. கீழே தள்ளினவளுக்கு ஆறுதலும் அவர்தான் சொல்ல வேண்டுமா. ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். உனக்குச் சொல்வதும் வாக்கு மீறுவதுதான், நீ வேறு தேசத்தில் இருக்கிறாய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஊர் என்னைப் புகழும்போது சிரித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்குத் தண்டனை, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பெற்ற பெண்ணும் அந்தப் பொய்யைச் சுவரில் மாட்டிக்கொண்டு பெருமைப்படுவது மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

இனி என்னோடு ஓட மாட்டார், வேறு ஆள் பார்த்துக்கொள்வார் என்றுதான் இருந்தேன். கட்டுப் பிரித்த மறுநாள் காலை வாசல் மணி அடித்தது. டெரெக் ஓடுகிற ஷூவோடு நிற்கிறார், ஷீலா காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டாள். என் கையைத் தடவிப் பிடித்தார், கயிற்றை விரலில் மாட்டவில்லை, என் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார். அவருடைய முறிந்த கை இன்னும் சரியாக மடங்கவில்லை, பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். நான் அழுதுகொண்டே நின்றேன். கடற்கரைச் சாலையில் மேடு, பள்ளம், வலப்பக்கம் என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே ஓடினேன். திரும்பி வரும்போதுதான் வாயைத் திறந்தார். "அடுத்த தடவை மிட்டாய் வேணும்னா சொல்லு க்வென், ரெண்டு பேருமா நிப்போம்" என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடித்து வரும்போது தனியாக நடந்து வராதே, உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார். நீ எங்கே இருந்தாலும் உன் கையைப் பிடித்துக்கொள்ள நல்ல மனுஷர்கள் இருக்க வேண்டும், பிடித்தவர்களை நீயும் விடக்கூடாது, கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். படத்தை மறக்காமல் கழற்று. தூர எறிய மனம் வராவிட்டால் என் பாதியை மட்டும் வெட்டிவிட்டு டெரெக்கை வைத்துக்கொள். யார் இது என்று கேட்பவர்களிடம், எங்கள் பஸ் டிரைவர், விழுந்து எழுந்து ஓடி முடித்தவர் என்று சொல்.

உன் அன்பை இழந்துவிடுவேனோ என்ற பயத்தோடு,
உன் அம்மா
க்வென்