செவலையின் பின்னங்கால்கள்

ஐப்பசி 2, திங்கள்
காலையிலிருந்து தூறல். என் வண்டிக் குதிரை செவலைக்குப் பின்னங்கால் இரண்டிலும், குளம்புக்கு மேலே, மறுபடி வெடிப்பு. பொருக்கு, நீர். மூன்று மாதமாக ஆறுவதும் திரும்புவதும். வேப்பெண்ணெய் போட்டாயிற்று.
யாரோ ஏதோ செய்கிறார்கள். அதனால்தான் இந்த நோட்டு. மாலை வகுப்பில் கற்ற எழுத்து. ஒரு வரிக்கு ஒரு பீடி நேரம் ஆகிறது. ஆனாலும் என்ன சுகம்!
சந்தேகம்:
1. ரங்கன். சிங்காநல்லூர் ஸ்டாண்டில் அடுத்த வண்டிக்காரன். என் லோடு மேல் கண்.
2. மருமகள் சரோஜா. நாற்றம் என்று மூக்கைப் பொத்துகிறாள்.
மகன் சொன்னது: "தீபாவளிக்குள்ள ஆறுலீன்னா வித்துப்போடலாமுங்கப்பா. ஆறுச்சுன்னா உங்க இஷ்டம்."

ஐப்பசி 4, புதன்
மழை இல்லை. செவலையின் கால் வெள்ளை முடியில் மஞ்சள் கறை! நான் மஞ்சள் போடவே இல்லை. அப்படியானால் யார்?
ரங்கன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்ண்ணா, குதிரைக்கு மஞ்சத்தண்ணி சீருங்களா? எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்லீங்க?" சிரிப்பு வேறு. அவன்தான்.
சரோஜா: "அதென்னுங் மாமா, ஒளிச்சு ஒளிச்சு எழுதறீங்க?" நோட்டின் மேல் கை வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி 5, வியாழன்
விடிந்ததும் வைக்கோல் போருக்குப் பின்னால் உட்கார்ந்து காவல். முதுகெல்லாம் அரிப்பு.
ரங்கன் வரவில்லை. சரோஜா வந்தாள். கையில் சாணிப்பவுடர்ச் சாயம் கரைத்த வாளி. வாசல் முழுக்க மஞ்சளாகத் தெளித்தாள். தண்ணீர் சரிவில் ஓடி நேரே செவலையின் பின்னங்காலடியில் தேங்கியது. தினமும் அதில்தான் நிற்கிறது!
பாய்ந்து போய் வாளியைப் பிடித்தேன். அவள் பயப்படவில்லை. "சாணி கெடைக்கறதில்லீன்னு ஆடி மாசம் இந்தப் பவுடரைக் கட்டுக்கட்டா வாங்கியாந்தது ஆருங் மாமா?"
நான்தான்.
மாட்டு டாக்டரிடம் போனேன். "அந்தத் தண்ணி ஆகாதுங்க. ஈரத்துல நின்னா எந்த மருந்தும் கேக்காது. பொருக்கைப் பிய்க்காதீங்க, தொடச்சுக் காய உடுங்க." ஒரு களிம்பு தந்தார்.
செவலையை மேட்டுக் கொட்டகைக்கு மாற்றினேன். தரையில் காய்ந்த மணல்.

ஐப்பசி 17, செவ்வாய்
வெயில். வெடிப்பு மூடிவிட்டது. பொருக்கு தானாக உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்புத் தோல்.
மகன் புரோக்கரோடு வந்து நின்றான். புரோக்கர் காலைத் தூக்கிப் பார்த்தார். "சுத்தமா இருக்குதுங்களே! நல்ல வெலைக்குத் தள்ளிரலாம்."
செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். சரோஜா முறத்தோடு வெளியே வந்தாள். "ஆறுச்சுன்னா மாமா இஷ்டமுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க? பேச்சு மாறாதீங்க." மகன் தலையைச் சொறிந்தான். புரோக்கர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.
நாளை தீபாவளி லோடு. செவலையைப் பூட்டலாம்.
இவளுக்கு எதற்கு என் மேல் திடீரென்று இவ்வளவு கரிசனம்? கவனிக்க வேண்டும்.