மோஸி கொண்டுபோன காலணி

டிப்பரரி, அயர்லாந்து,
ஞாயிறு.

அன்பு மகன் ஃபிண்டனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், நலம் என்றே வைத்துக்கொள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் நீ நலமா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும், கேட்டுவிட்டேன். போனில் எழுதினால் நீ படித்துவிட்டதாக நீல டிக் விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை, அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியப்போவதில்லை, அதுவே கொஞ்சம் நிம்மதி.

இங்கே மழை விட்டபாடில்லை, அறுத்த புல் வயலிலேயே கிடந்து அழுகுகிறது, அப்பாவுக்கு முழங்காலோடு சேர்த்து நாக்கும் முறுக்கிக்கொண்டிருக்கிறது. உன் நாய் மோஸி விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உன் நாய் என்றுதான் சொல்வேன், நாலு பேர் கூட்டாக வாங்கியிருந்தாலும் குட்டியிலிருந்து மடியில் வைத்து வளர்த்தவன் நீ, சீக்கிரம் வந்துவிடுவேன் என்று அதன் காதில் சொல்லிவிட்டு விமானம் ஏறியவனும் நீ. வசந்தத்தில் பந்தயத்தில் ஒரு வளைவில் மோஸிக்குப் பின்னங்கால் ஒடிந்தது, கூடிவிட்டது, ஆனால் இனி ஓட முடியாது. அன்றிலிருந்து அப்பாவுக்கு அவனைக் கண்டாலே ஆகவில்லை. "ஓடாத நாய்க்கு என்னத்துக்குச் சோறு? இந்த மாசம் முடியட்டும், டாக்டர்கிட்ட ஒரு ஊசி போட்டு முடிச்சிடுறேன்" என்றார். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும்.

நான் மோஸியைக் கூட்டிக்கொண்டு நேரே உன் கூட்டாளி மாத்தியின் பப்புக்குப் போனேன். கோப்பை ஜெயித்த அன்று மோஸியை நடுவில் நிறுத்தி நீங்கள் நாலு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம் இன்னும் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. "படத்துக்குச் சுவத்துல இடம் இருக்கு, நாய்க்கு வீட்டுல இடம் இருக்கா மாத்தி?" என்று கேட்டேன். "ஐயோ நோராக்கா, பந்தய நாயெல்லாம் வீட்டுக்குள்ள வளக்குற ஜாதியா? சோபாவுல படுக்கவெச்சா ஊரே சிரிக்கும்" என்றான். மற்ற இரண்டு பங்குக்காரர்களும் அங்கேயேதான் இருந்தார்கள், திடீரென்று கிளாஸுக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் மட்டும், "அது ஃபிண்டன் வளத்ததுதானே, அவனையே கேளுங்க" என்றான். கேட்டேனே, நீல டிக் விழுந்ததே. மோஸி என் கோட்டுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு நடுங்கினான். வெட்கப்பட வேண்டியவன் அவனில்லை.

ஓய்ந்துபோன பந்தய நாய்களுக்கு வீடு தேடித் தருகிற பெண்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களைப் பிடித்தேன். கூச்ச சுபாவம், பழகிவிட்டால் விளையாட்டுப் பிள்ளை என்று எழுதிப் படம் போட்டார்கள். பார்க்க வந்தவர்கள் கூச்சத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். கார் சத்தம் கேட்டதும் கரிக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான், கார் போனதும் வந்து உன் பழைய கால்பந்துக் காலணியைக் கவ்வி மேலே எறிவான், அது தன்மேலேயே விழுந்ததும் பயந்து நொண்டியபடி ஓடுவான், மறுபடி வந்து எறிவான். விருந்தாளி முன்னால் பாடச் சொன்னால் நீ கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வாயே, அதே கதை. பார்த்துச் சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன்.

இந்த நாட்டில் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் இத்தாலியில், பொலோனியாவில் இருக்கிற ஒர்னெல்லா என்ற பெண் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னாள். இங்கே வளர்த்துவிடுவதெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போலிருக்கிறது. வேன் வந்தபோது மோஸி ஏற மாட்டேன் என்று நாலு காலையும் ஊன்றிக்கொண்டான். அதுவரை கொட்டகையை விட்டு வராத அப்பா வந்தார், உன் காலணியைத் தூக்கி வேனுக்குள் போட்டார், "அதையும் எடுத்துட்டுப் போகட்டும், இங்க யாருக்கு அது" என்றார். மோஸி அதன் பின்னாலேயே ஏறிவிட்டான். அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒர்னெல்லா ஞாயிறுதோறும் உடைந்த ஆங்கிலத்தில் எழுதுகிறாள். மோஸி கண்ணாடிக் கதவில் முட்டிக்கொண்டானாம், மாடிப்படி ஏறப் பழகிவிட்டானாம், சோபா முழுக்க அவனுக்குத்தானாம், ஊர் ஒன்றும் சிரிக்கவில்லையாம். முகம் தெரியாத ஒருத்தி ஒரு நாயைப் பற்றி இவ்வளவு எழுதுகிறாள். மோஸி என்ன சாப்பிட்டான், எங்கே தூங்குகிறான் என்று எனக்குத் தெரியும், நீ எங்கே தூங்குகிறாய் என்று தெரியாது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லைத் தட்டினாலும் ஒரு சத்தம் வரும் ஃபிண்டன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதே, உன் தோல் தாங்காது. ஏதாவது சூடாகச் சமைத்துச் சாப்பிடு. கடவுளும் மாதாவும் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும், இவ்வளவு கோபத்திலும் அதைத்தான் கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. போன ஞாயிறு ஒர்னெல்லா ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அந்தக் காலணிமேல் தலைவைத்தால்தான் மோஸி தூங்குகிறானாம், கழுவ எடுத்தால்கூட அழுகிறானாம், அது யாருடையது, அவர் இறந்துவிட்டாரா என்று கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் போடவில்லை. என்ன எழுதட்டும் என்று நீ சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
நோரா