வலது ஸ்கீயின் உள்விளிம்பு

ஜனவரி 14, செவ்வாய், மாலை 4.10. கோர்ட்டினா, பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்க்கும் மெழுகறை. இங்கே உன் ஸ்கீ இருபத்திரண்டு ஜோடி. சனிக்கிழமைப் பந்தயத்துக்கு லாயக்கானவை மூன்று.

அன்புள்ள அக்கா புர்கிக்கு, தம்பி வின்சென்ஸ் எழுதுவது.

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. பதில் எனக்குத் தெரியும், அதனால்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே சிரித்து மழுப்பி, "சரிடா, அம்மா கூப்பிடறா" என்று வைத்துவிடுவாய். டீம் வேன் இன்று கணவாயைத் தாண்டி நம் ஊர்ப் பக்கம் போகிறது. டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் இங்கத்திய செய்தி. பந்தயப் பாதை முழுக்கத் தண்ணீர் பாய்ச்சி உறைய விட்டிருக்கிறார்கள். பனியே இல்லை, கண்ணாடி. பாறையைத் தாண்டியதும் வரும் நீண்ட இடது திருப்பம் போன வருஷத்தை விட மோசம். கோச் எகோன் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கால் மேல நம்பிக்கை இல்லாத எவளும் அங்க நிக்க முடியாது" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

எனக்கு அலுத்துவிட்டது அக்கா. அக்டோபரிலிருந்து ஜன்னல் இல்லாத அறைகள். எந்த ஊரில் இருக்கிறேன் என்று சூப்பைக் குடித்துத்தான் தெரிந்துகொள்கிறேன், அதிலும் மெழுகு வாசனை. பக்கத்து மேஜை டாரியோ வழக்கம் போல வம்புக்கு வந்தான். "என்ன மாப்ளே, இன்னும் அந்த மெழுகு உருக்கற இஸ்திரிப் பெட்டியோடதான் குடித்தனமா?" என்றான். அதோடு விட்டிருக்கலாம். "உங்க அக்கா சனிக்கிழமை ஓடறாளா, இல்ல கடைசி ஓட்டம்னு பாவாடை கட்டிக்கிட்டு இறங்கறாளா?" என்றும் கேட்டான். பிரஷ்ஷைத் தூக்கி எறிந்தேன். அவன் சிரித்தான். வேற்று டீம்காரன் கேட்கும் அளவுக்கு உன் ஓட்டம் வெளியே தெரிகிறது என்பதுதான் என்னைக் குடைகிறது.

இப்போது விஷயம். போன சனிக்கிழமை ஓடிய ஜோடியை நேற்று மேஜையில் ஏற்றினேன். நகத்தை வைத்து எஃகு விளிம்பை இழுத்துப் பார்த்தேன். இடது ஸ்கீயின் இரண்டு விளிம்புகளும் தேய்ந்திருந்தன. வலதின் உள்விளிம்பு என் கையிலிருந்து போன அன்றைக்கு இருந்த மாதிரியே நகத்தைச் சீவியது. இடதுபக்கம் திரும்பும்போது முழு பாரமும் அந்த விளிம்பில்தான் விழ வேண்டும் என்பதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீ அதன் மேல் நிற்கவே இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒற்றைக் காலில் வந்திருக்கிறாய். அப்படி வந்து பத்தொன்பதாவது இடம் பிடித்தாய் என்பதற்குக் கைதட்டலாம். நான் தட்டப்போவதில்லை.

அன்று பந்தயம் முடிந்ததும் என்ன சொன்னாய்? "டேய், அடுத்த தடவைக்கு இடதை வலதா மாத்திக் குறிச்சு வச்சிடு." மற்ற வீராங்கனைகள் கேட்டால் சரி, தேய்மானம் இரண்டு பக்கமும் சமமாகட்டும் என்று எல்லாரும் செய்வதுதான். நீ கேட்கலாமா? கால் மாற்றினால் ராசி போய்விடும் என்று, உன் ஸ்கீயைத் தயார் செய்யும் வேலைக்கு நான் சேர்ந்த முதல் வருஷம் என் மேல் ஹெல்மெட்டை விட்டெறிந்தவள் நீ. மறைக்கத்தான் கேட்டாய். வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் அந்த ஜோடியை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கவே மாட்டேன்.

உன் வலது முழங்காலைப் பார்த்து இன்ஸ்ப்ருக் டாக்டர் டிசம்பரில் என்ன சொன்னார் என்று நீ எங்களிடம் சொல்லவில்லை. வேண்டாம். அம்மா நேற்று போன் செய்தாள். "காலையில மாடிப்படியில பின்பக்கமா இறங்கறாடா. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு, ஏணியில இறங்கற மாதிரி. நான் தூங்கறேன்னு நெனப்பு" என்றாள். அழவில்லை. உருளைக்கிழங்கு வாங்கி வைத்தேன் என்பது போலச் சொன்னாள். அது அழுகையை விட மோசமாக இருந்தது.

உனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாலாவது இடத்துக்கு நம்மூரில் தகரம் என்று பெயர். உன்னிடம் ஐந்து தகரம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை முதல் மூன்று பேர் நிற்கும் அந்த மேடையில் ஏறிவிட்டு நிறுத்த வேண்டும், அதுதானே? போன வருஷம் உன்னோடு ஓடிய ஹெர்மினே, விடைபெறுகிறவர்கள் வழக்கப்படி, தன் கடைசி ஓட்டத்தில் தன் அம்மாவின் திருவிழாப் பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு கோச்சிடமும் நின்று கட்டிப்பிடித்து, பார்வையாளர்கள் ஆட்டும் மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவே மெதுவாக இறங்கி வந்தாள். நீ என் காதில், "கல்யாண கேக்கு மாதிரி இருக்கா. நான் இப்படியெல்லாம் வரமாட்டேன். கடிகாரம் ஓடும்போதுதான் நிறுத்துவேன்" என்றாய். அக்கா, கடிகாரம் யாருக்கும் கடன்பட்டதில்லை. பதினைந்து வருஷம் ஓடினாள் என்று அது நொடியில் நூறில் ஒரு பங்கைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காது.

இன்னொன்றையும் அம்மா சொன்னாள். "நான் நின்னுட்டா வின்சென்ஸ் எங்க போவான்?" என்று கேட்டாயாமே. இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் இயந்திரவியல் படித்தவன். மெழுகு தேய்ப்பதற்கு முன்னாலும் எனக்கு இரண்டு கை இருந்தது. மலையில் லிஃப்ட் ஓட்டும் கம்பெனிக்காரர்கள் என்னை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். நம் ஸ்கீ கம்பெனி பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தியின் ஸ்கீயைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது, அதற்கும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே. என் பிழைப்புக்காக உன் முழங்காலைச் செலவழிக்காதே, அவ்வளவுதான். கேட்காமல் செய்த தியாகத்தை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

எகோனிடம் இதுவரை வாய் திறக்கவில்லை. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ எப்படி வந்தாலும் நான் செய்யப்போவதைக் கீழே எழுதியிருக்கிறேன். இதில் பேரம் கிடையாது.

1. நீ பயிற்சிக்கு வரும் வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மெழுகறை வாசலில் உனக்காக நிற்பேன். காபி வாங்கி வைப்பேன்.

2. இடது இடதாகவும் வலது வலதாகவும்தான் இருக்கும். மாற்றிக் குறிக்கமாட்டேன்.

3. பந்தய உடையோடு வந்தால், எப்போதும் போலக் கூராக்கித் தருவேன். நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் மழுங்கிய ஸ்கீயைக் கொடுப்பது கொலை, உன்னை நிறுத்துவதற்காகக்கூட அதைச் செய்யமாட்டேன். ஆனால் போன வாரத்து ஜோடியை எகோன் முன்னால் வைத்து, அவர் நகத்தாலேயே இழுத்துப் பார்க்கச் சொல்வேன். பிறகு நீ என்னோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் பேசாமல் இரு.

4. அம்மாவின் பாவாடையோடு வந்தால், வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமே பிடிக்காத மெழுகைத் தேடித் தேய்ப்பேன். டாரியோ சிரிக்கட்டும். சனிக்கிழமை பாறைக்குக் கீழே அந்த இடது திருப்பத்தில் நானே நிற்பேன். நீ அங்கே திரும்ப வேண்டாம். நின்றுவிடு. அன்றைக்கு உனக்கு நிற்கும் உரிமை உண்டு, யாரும் நேரம் பார்க்கமாட்டார்கள்.

5. ஞாயிற்றுக்கிழமை உன்னை வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவருவேன். திங்கள் காலை மாடிப்படியில் உனக்கு முன்னால் நான் இறங்குவேன். நீ நேராகப் பார்த்து இறங்கு, அக்கா. என் தோளைப் பிடித்துக்கொள்.

உன் தம்பி,
வின்சென்ஸ்