செல்வின் அண்ணனின் சொந்தப் பாட்டு

14.5.78, ஞாயிறு

"சினிமாப் பாட்டையே பாடுறீகளே, உங்க சொந்தப் பாட்டை ஒரு தடவ மேடையில பாடுங்கண்ணே" என்று கிடார் செல்வின் அண்ணனை ஒரு வருடமாக நச்சரித்தது நான்தான். இன்று சாயங்காலம் சர்ச் ஹாலில் பாடிவிட்டார்.

பல்லவி முடிவதற்குள் என்கூட வந்த ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "சினிமாப் பாட்டு பாடுங்கப்பா!" என்று அவர்கள் கத்த, நானும் கத்தினேன், அவர்களைவிடப் பலமாக. சீ. அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார்.

கச்சேரி முடிந்ததும் நழுவப் பார்த்தேன். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கூச்சல்ல ஒனக்குப் பாட்டே கேட்டிருக்காது தம்பி. நாளைக்கு வீட்டுக்கு வா, முழுசாப் பாடிக் காட்டுறேன்."

"வாரேண்ணே" என்றேன். கத்தியதில் என் குரல் கம்மிப்போயிருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டார்.