தயிர் மேல் போட்ட பழி

இன்னாமே, நல்லா இருக்கியா? அங்கே வெயில் எப்படி? இங்கே செஞ்சி மலைப் பாறையெல்லாம் காந்துகிறது. நான் சொல்லச் சொல்ல நம் மகன் எழுதுகிறான். எனக்கு ஏது எழுத்து?

காலையில் அடுப்படியில் புளித்த வாசனை. மருமகள் தயிர் உறைய வைத்திருக்கிறாள். இந்த வீட்டில் அந்த வாசனை வந்து முப்பது வருஷம். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இவன் நாள் ஆகுமுன்னே, குறைமாசத்தில், அடைமழையில் பிறந்தான். நமக்கு ஒரே அறை. மூலையில் விறகடுப்பு, நடுவில் தூளி, பக்கத்தில் பீடியோடு நான். "வெளிய போய் குடியேன், புள்ள இருமுது" என்பாய். "மழையில எங்கமே போறது? ஆம்பளப் புள்ள, தாங்குவான்" என்பேன். அந்த மழையில்தான் நம் வெள்ளாடு காணாமல்போய், தளவானூர் வரைக்கும் தேடி... சரி, ஆட்டை விடு.

மூன்று வயசில் இவனுக்கு மூச்சிழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நீ இவனைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்து வரிசையில் நின்றாய். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கேட்டார்.

"வீட்ல யாருப்பா பீடி குடிக்கிறது?"

"நான்தாம்மா."

"குறைமாசக் குழந்தை. நுரையீரல் வளர்ற வயசுல அடுப்புப் புகை, பீடிப் புகை எல்லாம் சேர்ந்தா இப்படி ஆகும். ஒண்ணை மட்டும் காரணம்னு சொல்ல முடியாது. முதல்ல புகைய நிறுத்து."

"தயிரு தின்னதாலன்னு ஊர்ல சொல்றாங்க..."

"அதெல்லாம் இல்லப்பா. தாராளமா குடு."

வெளியே வந்தேன். "இன்னா சொன்னாங்க?" என்றாய்.

"நீ ஊட்ன தயிருதானாம்" என்றேன்.

அன்றே பீடியை விட்டேன். நல்ல அப்பன் என்று ஊர் மெச்சியது. நீ உறை ஊற்றுவதை விட்டாய். கத்தரி வெயிலிலும் உன் தட்டில் ஒரு சொட்டு மோர் விழவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு கோட்டை ஏறப்போய் இவன் பாதிப் படியில் மூச்சிழுத்து உட்கார்ந்தபோது, "பாவி, நானே கெடுத்தேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாய். பக்கத்தில்தான் நின்றேன். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும், "பேரப்புள்ளைக்குத் தயிரு குடுக்காதீங்க" என்றாய். தலையாட்டினேன்.

இவன் எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, நைனா."

"அதையும் எழுதுடா" என்றேன். எழுதுகிறான்.

பேத்தி தூளியில் தூங்குகிறாள். குளிப்பாட்டியதும் பக்கத்து வீட்டம்மா சாம்பிராணித் தட்டோடு வந்தாள். வாசலோடு திருப்பி அனுப்பினேன். "கிழவனுக்குக் கிறுக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள். போகட்டும். மூச்சுவிடும் சத்தம் சீராக இருக்கிறதா என்று நாளெல்லாம் காதைக் கொடுத்துக்கொண்டு கிடக்கிறேன்.

"மாமா, சோறு போட்டுட்டேன், தயிரு ஊத்தட்டா?" மருமகள் கூப்பிடுகிறாள். இரு, முதல் கரண்டியை உன் படத்துக்கு முன்னால் வைத்து, என் வாயாலேயே உன்னிடம் நான் சொல்லிவிடுகிறேன்: தயிரு இல்லமே, புகைதான்.