இரண்டாம் வகுப்பில் நின்றுபோன அணுக்கள்

ஸ்ட்ரீக்கி பே
மே 14

அன்பு மகள் டாம்சினுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அபர்டீன் குளிரில் நீயும் ஃபின்லேயும் வயிற்றிலிருக்கும் குட்டிப்பயலும் சுகமாக இருக்கவேண்டும். இந்தக் கடிதத்தைத் தானே எழுதுவதாகச் சொல்லி உன் அப்பா மூன்று நாள் உட்கார்ந்து "அன்புள்ள" வரை எழுதினார், அதனால் நான் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அடிலெய்டில் ஷோனா என்ற புது டாக்டர் அப்பாவின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தாளே, ஐம்பது வருடமாக ஊசி போட்டுக்கொள்ளும் மனிதர் அன்று கட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நர்ஸிடம் மழை வருமா வருமா என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். போன செவ்வாய்க்கிழமை அடிலெய்டு போய் அதன் முடிவைக் கேட்டோம். நோயை எதிர்க்கும் புரதத்தைச் செய்கிற அணுக்கள் மஜ்ஜைக்குள் படிப்படியாக வளரவேண்டுமாம், அப்பாவுக்கு இரண்டாம் படிவரை ஏராளமாக வந்து அடுத்த படி ஏறமுடியாமல் அங்கேயே செத்துப்போகின்றன. டாக்டர் காட்டிய படத்தில் ஒரு மூலையில் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி, மறுமூலை வெறிச்சென்று. அப்பா உற்றுப் பார்த்துவிட்டு, "ரெண்டாங் கிளாஸ்லயே மொத்தப் பேரும் பெயிலா? அப்ப சந்தேகமே இல்ல, என்னோடதுதான்" என்றார். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பிள்ளைகள் உண்டா என்று கேட்டாள். அப்பா பெருமையாக, மகளுக்கு ஜூலையில் பையன் பிறக்கப்போகிறான் என்றார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள். உனக்குத் தெரிந்ததுதான், இந்தக் குறை அப்பாவிடமிருந்து மகளுக்குப் போகும், அவளை ஒன்றும் செய்யாது, அவளுக்குப் பிறக்கும் பையன்களில் பாதிப் பேருக்கு வரலாம். அப்பா இதை மறந்தே போயிருந்தார், அல்லது மறக்கப் பார்த்திருக்கிறார். திரும்பும் வழியில் போர்ட் அகஸ்டாவில் இறைச்சிக் குழம்பு அடைத்த மீட் பை பண்டம் ஒன்றை வாங்கித் தின்னாமல் மடியிலேயே வைத்திருந்தார். கிம்பா ஊரைத் தாண்டி, "ராஸுக்கு ரெண்டு வயசுகூட முடியல" என்றார். சின்னதிலேயே இறந்துபோன தம்பியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதேயில்லை.

வண்டியை ஓரங்கட்டினேன். "ராஸ் போனப்ப என்ன நோயின்னே யாருக்கும் தெரியாது. உங்களுக்கு நாலு வயசுல கண்டுபிடிச்சாங்க, அம்பத்தெட்டு வயசாகியும் என் உயிர வாங்கிட்டுத்தான இருக்கீங்க" என்றேன். ஆறிப்போன மீட் பையை எடுத்துத் தின்றார், சட்டையெல்லாம் குழம்பு.

டாக்டர் சொன்னது இது, பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்க்கவேண்டும், முடிவு வரும்வரை உயிருள்ள கிருமி கலந்த சொட்டு மருந்து எதுவும் கொடுக்கக்கூடாது. குறை இருந்தாலும் ஆரம்பத்திலிருந்தே மருந்து ஏற்றினால் பையன் நன்றாக வளர்வானாம். இதை ஃபின்லேயிடம் படித்துக் காட்டு, நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய்.

நேற்று ஷோனா மறுபடி கூப்பிட்டாள். அணுக்கள் ஏன் படி ஏறவில்லை என்று இன்னும் பார்க்க மஜ்ஜை வேண்டுமாம். பண்ணையில் சிப்பி அறுவடை இருக்கிறது என்று அப்பா நழுவுவார் என நினைத்தேன். போனை என் கையிலிருந்து வாங்கி, "இடுப்புல இன்னொரு பக்கம் சும்மாதான் கெடக்கு, எடுத்துக்கங்க. என் பேரன் வர்றதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மூன்று பேரும் நோய்நொடியில்லாமல் இருங்கள். மருத்துவச்சியிடம் இந்த வாரமே சொல்லிவிடு.

உன் அம்மா,
நோரீன்