இன்ஜினுக்குப் போட்ட தலையணை உறை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் முழுசாக இருக்கிறோம், இதை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நேற்று போனில் அந்த மெக்கானிக்கைப் பற்றி நீ நெட்டில் எழுதிப்போட்டதை உடனே எடுத்துவிடு என்றேன், ஏன் என்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வாய் வரவில்லையம்மா. கடிதமென்றால் நீ நடுவில் சிரித்தாலும் எனக்குக் கேட்காது, அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை உன் அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றுப் பாலத்தில் பாதி தூரம் போனதும் வண்டி இருமுகிற மாதிரி இரண்டு தரம் குலுங்கி அப்படியே நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாக இறுகிப்போச்சு. பின்னால் மணல் லாரி. பிரேக் போட்டான் பார், அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடியில் லாரியின் மூஞ்சியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். உன் அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே போனது. லாரிக்காரர் இறங்கி வந்து கிழிகிழியென்று கிழிப்பார் என்று நினைத்தேன், அவர் என்னைவிடப் பயந்துபோய், ஏன் சார் இப்படிப் பண்றீங்க என்று மட்டும் கேட்டுவிட்டு வண்டியை ஓரமாகத் தள்ளிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அது தானாகவே ஸ்டார்ட் ஆனது. டாக்டரை மறந்துவிட்டு ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

வந்ததிலிருந்து அந்த மெக்கானிக்கைத்தான் கரித்துக்கொட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நீ பெயர் வைத்தாயே, அதே மனிதர்தான். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது என்று ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வண்டியை அவரிடம் விட்டேன், இன்ஜினுக்குள் போகிற காற்றை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று புதிதாக ஒன்று போட்டுக் கொடுத்தார். இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே விளக்கு. நேராகப் போய் நாலு பேர் முன்னால், பழைய சாமானைத் துடைத்துப் புதுசு என்று மாட்டிவிட்டாய் என்று கத்தினேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, வேற இடத்துல காட்டிப் பாருங்க சார் என்றார், அவ்வளவுதான். பதில் சொல்லவில்லையே, குற்றமுள்ள நெஞ்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். உன்னிடம் சொன்னேன், நீ அன்றைக்கே அவர் கடை பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திரம் போட்டு அழகாக எழுதிவிட்டாய்.

சரி, இனி யாரையும் நம்புவதில்லை, நானே பார்க்கிறேன் என்று வெள்ளிக்கிழமை காலை பானெட்டைத் திறந்தேன். செல்போனில் வீடியோ பார்த்து, அந்தச் சென்சாரைக் கழுவுகிற ஸ்ப்ரே டப்பா ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். பேட்டரி வயரை எடுத்தேன், இரண்டு ஸ்க்ரூ, ஒரு கிளிப், அவ்வளவுதான், கையோடு வந்துவிட்டது. உள்ளே முடி கனத்தில் ஒரு கம்பி இருக்கிறது, அதைத் தொடவே கூடாதாம். உன் அம்மா டார்ச் பிடித்தாள். பார்த்தால் கம்பி முழுக்கப் பஞ்சு மாதிரி நூல் சுற்றியிருக்கிறது. நீல நூல். கையும் களவுமாகச் சிக்கினான் என்று நான் குதிக்க, உன் அம்மா பாலத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழுசாக ஒரு வாக்கியம் பேசினாள். ஏங்க, இது நம்ம தலகாணி உறை நூல் மாதிரியில்ல இருக்கு என்றாள்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. எதிர்வீடு கட்ட ஆரம்பித்த நாளிலிருந்து சிமெண்ட் தூசி தாங்கவில்லையே, என்னைத்தான் தெரியுமே உனக்கு, டீயைக்கூட இரண்டு வடிகட்டியில் வடிகட்டுகிறவன். இன்ஜினுக்கும் தூசி போகக் கூடாது என்று ஏர் ஃபில்டரை உன் அறையில் கிடந்த பழைய நீலத் தலையணை உறைக்குள் நுழைத்து மாட்டியிருந்தேன். யாருக்கும் சொல்லவில்லை, பெரிய கண்டுபிடிப்பு என்று நினைப்பு. மெக்கானிக்கிடமிருந்து வண்டி வந்தபோது அந்த உறை டாஷ்போர்டு பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மறந்துவிட்டார் போல என்று நானே மறுபடியும் போட்டுவிட்டேன். அதனால்தான் இரண்டாவது வாரமே மறுபடியும் விளக்கு.

ஸ்ப்ரே அடித்துக் காயவைத்து, உறையை எடுத்துவிட்டு மாட்டினேன், வண்டி பூனை மாதிரி ஓடுகிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. நேராகக் கடைக்குப் போனேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அங்கேயும் நான்தான் முதலில் கேட்டேன், என் புத்தி அப்படி. அவர் தலை நிமிராமல், அன்னிக்கு வண்டி எடுக்க வந்தப்ப அம்மா பக்கத்துல நின்னாங்க சார், அவங்க முன்னாடி எதுக்குன்னு மடிச்சு வச்சேன், பாத்தா உங்களுக்கே புரியும்னு நினைச்சேன் என்றார். நாலு பேர் முன்னால் நான் கத்தியபோதும் சொல்லவில்லையே என்றேன். அதுக்கும் அதே காரணம்தான் சார் என்றார்.

கடையில் வண்டி ஒன்றுகூட இல்லை. ஏன் என்று அவர் சொல்லவில்லை, பக்கத்து டயர் கடைக்காரர்தான் சொன்னார். பள்ளிக்கூட வேன் ஆறையும் இவர்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம், நீ எழுதியதைப் படித்துவிட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நான் பள்ளிக்கூடத்துக்கே போய் மேனேஜரைப் பார்த்தேன், தப்பு என்னுடையது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, படிச்சவங்க தெளிவா எழுதியிருந்தாங்க சார், எழுதினவங்களே மாத்திச் சொன்னா பாக்கலாம் என்றார். நீ எடுத்துவிட்டால் மட்டும் போதாது போலிருக்கிறது, படித்தது அவர்கள் மனதில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதனால் கடிதம் கிடைத்த உடனே உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுது. உறை, நீல நூல், என் வாய், ஒன்றையும் விடாதே. யாரோ ஒரு வாடிக்கையாளர் என்று மழுப்பாதே, என் அப்பா என்றே எழுது. அவர் வேண்டாம் என்பார், நீ கேட்காதே.

உன் அம்மா அந்த உறையைத் துவைத்து என் தலையணைக்கே போட்டுவிட்டாள். காத்துக்கே சல்லடை கட்டின ஆளு, வாய்க்குக் கட்ட மறந்துட்டாரு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் பேசுவதே போதும் எனக்கு, என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். கண் டாக்டரிடம் திங்கட்கிழமை போகிறோம், பஸ்ஸில்.

நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். உன் வண்டியில் விளக்கு எரிந்தால் அன்றைக்கே காட்டு. இன்னொன்று, அன்றைக்கு நான் சொன்னதை நீ அப்படியே எழுதிவிட்டாய், நிஜமாப்பா, நீங்க பார்த்தீங்களா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. பாலத்தைவிட அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இனிமேல் அப்பா சொன்னாலும் ஒரு தரம் கேள் கண்ணு.

உன் ஆசை அப்பா